காற்புள்ளி தாங்காத சுமை



"மழை நின்றது, நாங்கள் வீட்டுக்குப் போனோம்." இச்சிறு செய்தியை ஆங்கிலத்தில் எழுதுமாறு ஒரு மாணவரிடம் சொல்லுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தயங்காமல் எழுதிவிடுகிறார்: "தி ரெயின் ஸ்டாப்டு, வி வென்ட் ஹோம்." சொற்கள் சரி. எழுத்துக்கூட்டல் சரி. காலமும் சரி. ஆயினும் விடைத்தாள் திரும்பி வரும்போது, நடுவிலுள்ள அந்தச் சின்னஞ்சிறு கமாவைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் வரையப்பட்டிருக்கிறது. மாணவர் திகைக்கிறார். "இரண்டு செய்திகளுக்கு நடுவே சற்றே நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு உரிய குறி கமா. அதைத்தானே இட்டேன்?" என்பது அவருடைய வாதம்.

இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆசிரியர் பலரும் வட்டம் இடுகிறார்களேயன்றிக் காரணம் கூறுவதில்லை. "இங்கே கமா வராது" என்று சொல்லி அடுத்த தாளை எடுத்துக்கொள்கிறார்கள். மாணவரும் அடுத்த முறை கமா இடவே அஞ்சி, இட வேண்டிய இடத்திலும் விட்டுவிடுகிறார். அந்தச் சிவப்பு வட்டத்தின் காரணத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வானொலியில் இதைப் பேசுவோருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. கமாவுக்கு ஒலி கிடையாது. ஆகையால் ஒரு தாளையும் எழுதுகோலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் கூறும் சிறு வாக்கியங்களை எழுதிப் பார்த்துக்கொண்டே வருவீர்களானால் நலமாக இருக்கும். வாக்கியங்கள் பல அல்ல. பெரும்பாலும் அந்த மழை வாக்கியமே திரும்பத் திரும்ப வரும்.

ஆங்கிலேயர் கமா, செமிகோலன், கோலன், ஃபுல்ஸ்டாப் என்று வழங்கும் நான்கு குறிகளுக்கும் நம்மவர் இட்ட பெயர்களை முதலில் எண்ணிப் பாருங்கள். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. இவற்றினும் பொருத்தமான பெயர்கள் ஆங்கிலத்திலேயே இல்லை. கமா, கோலன் என்பன கிரேக்கச் சொற்கள். அம்மொழியில் அவை குறிகளின் பெயர்களாக அல்லாமல் வாக்கியத்தின் பகுதிகளுக்குப் பெயர்களாக இருந்தன. வெட்டுண்ட துண்டு ஒன்று கமா. உறுப்பு ஒன்று கோலன். பிறகு அத்துண்டின் இறுதியில் இடும் குறிக்கே அப்பெயர் ஆயிற்று. தமிழ்ப் பெயர்களோ குறியின் அளவையே சொல்லிவிடுகின்றன. கால், அரை, முக்கால், முழுமை! காய்கறிக் கடையில் நின்றவர் எவருக்கும் இக்கணக்கு விளங்கும்.

இத்தனைக்கும் இக்குறிகள் நம்முடைய பழஞ்சொத்து அல்ல. ஓலைச் சுவடிகளில் காற்புள்ளியும் இல்லை, அரைப்புள்ளியும் இல்லை. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று மெய்யெழுத்தின் தலைப்புள்ளியைக்கூடப் பல இடங்களில் விட்டு எழுதினர். அச்சு வந்த பின்னரே மேலைநாட்டுக் குறிகள் தமிழ் உரைநடைக்குள் நுழைந்தன. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) தம்முடைய பதிப்புகளிலும் பாடநூல்களிலும் அவற்றைத் தவறாது கையாண்டு நமக்குப் பழக்கினார். கடன் வாங்கிய பொருளுக்கு உடையவர் வீட்டில் இருந்ததைவிட நல்ல பெயர் நம் வீட்டில் கிடைத்தது என்பதுதான் வேடிக்கை.

மேலைநாட்டிலும் அரைப்புள்ளி மிகத் தொன்மையானது அன்று. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்பவர் நடத்திய அச்சகத்தில், பியட்ரோ பெம்போ என்னும் இளம் புலவர் எட்னா எரிமலையின்மீது ஏறிய அனுபவத்தைக் கூறும் இலத்தீன் நூல் 1496இல் அச்சாயிற்று. அந்நூலுக்கு எழுத்து வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. கமாவின் தலைமேல் ஒரு புள்ளியை ஏற்றிய இன்றைய செமிகோலனை அந்நூலின் பக்கங்களில் காணலாம். கமாவினும் வலியதாய், கோலனினும் மெலியதாய் ஒரு குறி வேண்டும் என்னும் தேவை அன்றே தோன்றிவிட்டது. என்ன தேவை என்பதைத்தான் நாம் காண வேண்டும்.

"எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதற்காக" என்று சிலர் விடை கூறுவர். லிண்ட்லி மரே என்பவர் 1795இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணம் நெடுங்காலம் பள்ளிகளை ஆண்ட நூல். செமிகோலனுக்குக் கமாவைப்போல் இருமடங்கு நேரம், கோலனுக்குச் செமிகோலனைப்போல் இருமடங்கு, ஃபுல்ஸ்டாப்புக்குக் கோலனைப்போல் இருமடங்கு என்று அந்நூல் கணக்கிட்டது. நம் பள்ளிகளிலும் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று சொல்லிக் கொடுப்பது உண்டு. உரக்கப் படிப்பதற்கு இக்கணக்கு உதவும். எழுதுவதற்கு உதவாது. உதவாதது மட்டுமன்று, தீங்கும் செய்யும் என்பது என் கருத்து. நாம் முதலில் கண்ட மாணவர் எதனால் தவறினார்? காதை நம்பித் தவறினார். மழை நின்றது என்று சொல்லி ஒரு கணம் மூச்சை நிறுத்தினார். ஒரு கணத்துக்குக் கமா போதும் என்று முடிவு செய்தார். அவருடைய செவி சொன்னது உண்மைதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி நேரத்தைப் பற்றியது அன்று; சுமையைப் பற்றியது.

காற்புள்ளி எதனைத் தாங்கும், எதனைத் தாங்காது? ஒரு வாக்கியத்தின் உள்ளே இருக்கும் துண்டுகளை அது தாங்கும். இரு முழு வாக்கியங்களை ஒன்றாகக் கட்டி அதன் தலையில் ஏற்றினால் ஆங்கிலத்தில் அது தாங்காது. முழு வாக்கியம் என்பது தனக்கென ஓர் எழுவாயும், தனக்கென ஒரு முற்றுவினையும் உடையது. அருகில் இருப்பதை வெட்டி எறிந்தாலும் தானே நிற்கக் கூடியது. "தி ரெயின் ஸ்டாப்டு" என்பது தானே நிற்கிறது. "வி வென்ட் ஹோம்" என்பதும் தானே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே கமா மட்டும் இருந்தால், ஆங்கில ஆசிரியர்கள் அப்பிழையைக் 'கமா ஸ்ப்ளைஸ்' என்று அழைக்கிறார்கள். ஸ்ப்ளைஸ் என்பது இரு கயிறுகளின் முனைகளைப் புரிபிரித்துப் பின்னி ஒன்றாக்கும் வேலை. அவ்வேலையைச் செய்ய வல்லது அன்று கமா என்பதே அப்பெயரின் கருத்து. கமாவும் இன்றி, "தி ரெயின் ஸ்டாப்டு வி வென்ட் ஹோம்" என்று ஓட்டிவிடுவது இதனினும் பெரிய பிழை. ஆனால் அதைச் செய்பவர் பெரும்பாலும் அவசரத்தால் செய்கிறார். படித்துப் பார்த்தால் தாமே திருத்திக்கொள்வார். கமாவை இட்டவரோ, தாம் செய்தது சரி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

அந்த நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது? தமிழிலிருந்து வந்தது என்று நான் கருதுகிறேன்.

தமிழில் நாம் இயல்பாக எப்படிப் பேசுகிறோம்? "காலையில் எழுந்து, பல் விளக்கி, குளித்து, உணவு உண்டு, பள்ளிக்குச் சென்றேன்" என்கிறோம். ஐந்து செயல்கள்; ஆனால் முற்றுவினை ஒன்றே ஒன்று. எழுந்து, விளக்கி, குளித்து, உண்டு என்பன யாவும் வினையெச்சங்கள். எச்சம் என்பதற்கே எஞ்சி நிற்பது, முடியாமல் நிற்பது என்று பொருள். முடியாத துண்டுகளுக்கு இடையே காற்புள்ளி இடுவது முற்றிலும் முறை. ஒரே முற்றில் போய் அவை எல்லாம் சாய்ந்துகொள்கின்றன; காற்புள்ளிக்குச் சுமையே இல்லை. அவ்வாறே, "மழை நிற்க, நாங்கள் வீட்டுக்குப் போனோம்" என்று எழுதினாலும் காற்புள்ளி சரியே. 'நிற்க' என்பது எச்சம்.

இனி நம் மாணவர் ஆங்கிலத்தில் எழுதும்போது அவர் மனத்தில் நடப்பதைப் பாருங்கள். மனம் தமிழில் 'மழை நிற்க' என்று எண்ணுகிறது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல் 'ஸ்டாப்டு'. அது எச்சம் அன்று. 'நின்றது' என்னும் முற்று. எச்சத்தை முற்றாக மொழிபெயர்த்துவிட்டார். எச்சத்தின் பின்னிருந்த காற்புள்ளியை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே கொண்டுவந்துவிட்டார். பிழை முழுவதும் இவ்வளவே. ஐந்து செயல்களைக் கூறிய அந்தப் பள்ளி வாக்கியத்தையும் இம்முறையில் ஆங்கிலமாக்கினால் ஐந்து முற்றுகள், நான்கு கமாக்கள், நான்கு சிவப்பு வட்டங்கள்!

ஆங்கிலத்திலும் எச்சம் போன்ற வடிவங்கள் இல்லாமல் இல்லை. "தி ரெயின் ஹேவிங் ஸ்டாப்டு, வி வென்ட் ஹோம்" என்று எழுதுங்கள். 'ஹேவிங் ஸ்டாப்டு' என்பது நம்முடைய 'நிற்க' என்பதற்கு மிக நெருங்கியது. இங்கே கமா சரி. பேச்சில் இது சற்றே விறைப்பாக ஒலிக்கும். ஆயினும் இலக்கணம் குறையற்றது. இன்னும் இயல்பான வழி, முற்றுக்கு முன்னே ஒரு சொல்லைச் சேர்த்து அதை முடியாததாக்கிவிடுவது. "வென் தி ரெயின் ஸ்டாப்டு, வி வென்ட் ஹோம்." தமிழில் 'நின்றபோது', 'நின்றதும்' என்று வினையின் வாலில் ஒட்டும் பகுதியை ஆங்கிலம் வாக்கியத்தின் தலையில் 'வென்' என்று வைக்கிறது. "வென் தி ரெயின் ஸ்டாப்டு" என்று மட்டும் சொல்லி நிறுத்திப் பாருங்கள், கேட்பவர் "நின்றபோது என்ன?" என்று கேட்பார். தானே நிற்க முடியாத துண்டு அது. ஆகவே காற்புள்ளி தாங்கும். 'பிகாஸ்', 'ஆல்தோ', 'இஃப்', 'சின்ஸ்' ஆகிய சொற்களும் இவ்வேலையைச் செய்வனவே.

தமிழிலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் இங்கே எழுந்து, "ஐயா, முற்றும் எச்சமாக வருவது உண்டே! முற்றெச்சம் என்று படித்திருக்கிறோமே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பழஞ்செய்யுளில் முற்றுவினை எச்சப் பொருளில் வந்து மற்றொரு வினையைத் தழுவி முடிவதை நம் இலக்கண நூலார் ஏற்றுக்கொண்டனர். ஆங்கில இலக்கணத்தில் முற்றெச்சம் என ஒன்று இல்லை. அங்கே முற்று என்றால் முற்றுதான்.

இப்போது அரைப்புள்ளி எதற்காகத் தோன்றியது என்பது விளங்கியிருக்கும். இரு முழு வாக்கியங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றோடொன்று உறவு உடையவை. முற்றுப்புள்ளியால் பிரித்துவிட மனம் வரவில்லை. காற்புள்ளியோ அவற்றைத் தாங்காது. "தி ரெயின் ஸ்டாப்டு; வி வென்ட் ஹோம்" என்று எழுதும்போது, இரண்டும் முடிந்த வாக்கியங்கள், ஆயினும் இரண்டும் ஒரே எண்ணத்தைச் சேர்ந்தவை என்பதை ஒரு குறியே சொல்லிவிடுகிறது. எதிரெதிர் நிற்கும் இரு செய்திகளுக்கு இது மிகவும் ஏற்றது. "தி எல்டர் பிரதர் வென்ட் டு சீ; தி யங்கர் ஸ்டேய்ட் அட் ஹோம்." மூத்தவன் கடலுக்குப் போனான், இளையவன் வீட்டிலேயே இருந்தான். நடுவே 'பட்' என்னும் சொல்லைச் சேர்த்தால் அந்த எதிர்நிலை விளக்கம் பெறுகிறது. சேர்க்காமல் அரைப்புள்ளியோடு விட்டால், படிப்பவரே உணர்ந்துகொள்கிறார். எனக்கு இரண்டாவதே பிடிக்கும்.

தமிழ் உரைநடையிலும் விதி இதுதான் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். எச்சங்களுக்கு இடையே காற்புள்ளி, முற்றுகளுக்கு இடையே அரைப்புள்ளி என்று நம் பள்ளி இலக்கணமும் சொல்லுகிறது. "வந்தான்; கண்டான்; சென்றான்" என்று எழுதுவதே முறை. தமிழில் அரைப்புள்ளியைக் கைவிட்டவர்க்கு ஆங்கிலத்தில் அது திடீரென்று நினைவுக்கு வருமா?

அரைப்புள்ளியைக் கற்றுக்கொண்ட புதிதில் சிலர் அதை எங்கும் இடத் தொடங்குவர். "வென் தி ரெயின் ஸ்டாப்டு; வி வென்ட் ஹோம்" என்று எழுதிவிடுவர். முதற்பகுதி தானே நிற்காத துண்டு அன்றோ? துண்டுக்கும் முழுமைக்கும் நடுவே அரைப்புள்ளி இடுவதும் பிழையே. இருபுறமும் முழு வாக்கியம் இருந்தால்தான் இக்குறிக்கு அங்கே இடம்.

மற்றொரு வழி, கமாவுக்குத் துணையாக ஓர் இணைப்புச் சொல்லை அனுப்புவது. ஆங்கிலத்தில் இப்பணிக்குரிய சொற்கள் ஏழு: அண்ட், பட், ஆர், நார், ஃபார், யெட், ஸோ. "தி ரெயின் ஸ்டாப்டு, அண்ட் வி வென்ட் ஹோம்." கமா தனியே தாங்காத சுமையைக் கமாவும் 'அண்ட்' என்பதும் சேர்ந்து தாங்குகின்றன. ஆனால் "வி குளோஸ்டு தி ஷாப் அண்ட் வென்ட் ஹோம்" என்னும் வாக்கியத்தில் 'அண்ட்' முன் கமா வேண்டுவதில்லை. கடையை அடைத்தவர்களும் வீட்டுக்குப் போனவர்களும் ஒருவரே. 'வென்ட் ஹோம்' என்பதற்குத் தனியாக எழுவாய் இல்லை. எனவே அது முழு வாக்கியம் அன்று. இங்கும் தமிழ் நம்மைச் சிறிது ஏமாற்றும். "கடையை அடைத்தோம்; வீட்டுக்குப் போனோம்" என்பதில் எழுவாய் வெளிப்படவே இல்லை; 'ஓம்' என்னும் விகுதி அதைச் சுமந்து நிற்கிறது. ஆங்கில வினைக்கு அத்தகைய விகுதி கிடையாது. 'வென்ட்' என்பது நானா, நீயா, அவளா, அவர்களா என்று வினையைப் பார்த்து அறிய முடியாது. ஆகவே அங்கே எழுவாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கல்லூரி மாணவர்களிடத்திலும் நான் மிகுதியாகக் காணும் பிழை வேறொன்று. "தி ரெயின் டிட் நாட் ஸ்டாப், ஹவெவர், வி வென்ட் ஹோம்" என்று எழுதுகிறார்கள். 'பட்' என்றால் 'ஆனால்', 'ஹவெவர்' என்றால் 'ஆயினும்' என்று கற்றவர்கள் இரண்டும் ஒரே இனம் என்று எண்ணுவதில் வியப்பில்லை. பொருளால் அவை உறவினர்தாம். இலக்கணத்தால் வேறு வேறு குலம். 'பட்' இணைப்புச் சொல். 'ஹவெவர்' இணைப்புச் சொல் போலத் தோன்றும் ஒரு வினையடை. வேற்றுமை காண ஓர் எளிய சோதனை உண்டு. அச்சொல்லை வாக்கியத்துக்குள் நகர்த்திப் பாருங்கள். "வி, ஹவெவர், வென்ட் ஹோம்" என்னலாம். "வி வென்ட் ஹோம், ஹவெவர்" என்றும் சொல்லலாம். 'பட்' என்பதை அவ்வாறு நகர்த்த முடியுமா? "வி பட் வென்ட் ஹோம்" என்று எவரும் எழுதமாட்டார். நகரும் சொல் இரண்டு வாக்கியங்களைக் கட்டாது. கட்டுத்தறி அசையாமல் இருந்தால்தானே மாட்டைக் கட்டலாம்? ஆகவே, "தி ரெயின் டிட் நாட் ஸ்டாப்; ஹவெவர், வி வென்ட் ஹோம்" என்று அரைப்புள்ளி இட்டு எழுதுக. 'தேர்ஃபோர்', 'மோர்ஓவர்', 'நெவர்த்லெஸ்', 'தென்' ஆகியனவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. இவற்றுள் 'தென்' பொல்லாதது. சிறிய சொல்லாக இருப்பதால் இணைப்புச் சொல் என்றே எண்ணச் செய்துவிடும்.

முக்காற்புள்ளியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முதல் வாக்கியம் ஒன்றை அறிவித்து, இரண்டாவது வாக்கியம் அதை விளக்கினால் நடுவே கோலன் வரலாம். "ஒன் திங் வாஸ் சர்ட்டன்: தி வெல் வாஸ் டிரை." ஒன்று மட்டும் உறுதி: கிணறு வற்றிவிட்டது. படுக்கைக் கோடும் இவ்வேலையைச் செய்யும்; கடிதங்களுக்கு ஏற்றது, கட்டுரைகளில் அளவோடு இருக்கட்டும்.

"இவ்வளவு நுணுக்கம் எதற்கு? கமா இட்டாலும் பொருள் விளங்கத்தானே செய்கிறது?" என்று சிலர் கேட்பர். மழை வாக்கியத்தில் விளங்குகிறது என்பது மெய். இவ்வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்: "தி டாக்டர் கேம், ஆஃப்டர் தி ஃபீவர் லெஃப்ட், தி பாய் ஏட்." மருத்துவர் வந்தார், காய்ச்சல் விட்டது, பையன் உண்டான். ஆனால் மருத்துவர் வந்தது எப்போது? "தி டாக்டர் கேம். ஆஃப்டர் தி ஃபீவர் லெஃப்ட், தி பாய் ஏட்" என்று பிரித்தால், மருத்துவர் வந்தார், காய்ச்சல் விட்ட பிறகு பையன் உண்டான் என்றாகிறது. "தி டாக்டர் கேம் ஆஃப்டர் தி ஃபீவர் லெஃப்ட்; தி பாய் ஏட்" என்று பிரித்தாலோ, காய்ச்சல் விட்ட பிறகுதான் மருத்துவர் வந்தார் என்றாகிறது. முன்னதில் மருத்துவரின் வருகையால் நோய் நீங்கியிருக்கலாம். பின்னதில் அவர் வருமுன்பே நீங்கிவிட்டது. நடுவிலுள்ள துண்டு எந்தப் பக்கத்துக்கு உரியது என்பதை இரு கமாக்களால் சொல்ல முடியவில்லை. அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இருக்கும் இடமே அதனைச் சொல்லுகிறது.

நடுத்துண்டு எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்னும் இதே கேள்வி, மனித உயிர்களைப் பற்றிய ஒரு சட்டத்திலும் எழுந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், நாஜித் தலைவர்களை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கான சாசனம் 1945 ஆகஸ்டு 8இல் இலண்டனில் கையொப்பமாயிற்று. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, சோவியத் யூனியன் ஆகிய நான்கும் ஒப்பமிட்டன. அதன் 6ஆம் பிரிவில், மானிட இனத்துக்கு எதிரான குற்றங்கள் எவை என்று வரையறுக்கும் பகுதி இரு பாதிகளைக் கொண்டது. போருக்கு முன்போ போரின்போதோ குடிமக்களைக் கொன்றதும், அடிமைப்படுத்தியதும், நாடு கடத்தியதும் முதற்பாதியில் அடங்கும். அரசியல், இனம், மதம் காரணமாகச் செய்த கொடுமைகள் இரண்டாம் பாதியில் அடங்கும். இந்நீதிமன்றம் விசாரிக்கும் வேறொரு குற்றத்தோடு தொடர்புடையதாய் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இறுதியில் வருகிறது. ஆங்கிலப் படியிலும் பிரெஞ்சுப் படியிலும் இரு பாதிகளுக்கு நடுவே அரைப்புள்ளி இருந்தது. ரஷ்யப் படியில் இருந்தது காற்புள்ளி.

இவை தனித்து நிற்கும் இரு வாக்கியங்கள் அல்ல. எனினும் குறியின் வலிமை இங்கே நன்கு விளங்கும். அரைப்புள்ளி இருந்தால் அது சுவர் போன்றது. நிபந்தனை இரண்டாம் பாதியோடு நின்றுவிடும். கொலையும் அடிமைப்படுத்தலும் எந்த நிபந்தனையும் இன்றிக் குற்றமாகும். காற்புள்ளி ஆனால் சுவர் இல்லை. நிபந்தனை முழுவதன்மீதும் பரவும். நான்கு நாடுகளும் 1945 அக்டோபர் 6இல் பெர்லினில் ஓர் உடன்படிக்கை செய்து, ரஷ்யப் படியே சரியென்று கொண்டு, அரைப்புள்ளியை எடுத்துவிட்டுக் காற்புள்ளியை இட்டன. ஒரு குறியை மாற்றுவதற்காக நான்கு வல்லரசுகள் கூடிக் கையொப்பமிட்டன! நியூரம்பர்க் நகரில் அவ்வாண்டு நவம்பர் 20இல் விசாரணை தொடங்கியது. 1946இல் தீர்ப்புக் கூறியபோது, 1939இல் போர் மூளுமுன் நடந்த கொடுமைகள் கொடியவையே என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும், அவை பிற குற்றங்களோடு தொடர்புடையவை என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, மானிட இனத்துக்கு எதிரான குற்றங்கள் எனப் பொதுவாக அறிவிக்க முன்வரவில்லை. பின்வந்த சட்ட அறிஞர்கள் அந்த ஒற்றைக் குறியைப் பற்றி எழுதியவை ஏராளம்.

இவ்விதிக்கு விலக்கே இல்லையா? உண்டு. ஜூலியஸ் சீசர் தம் வெற்றியை மூன்றே முற்றுகளால் அறிவித்த கதையை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய மிகச் சிறிய, ஒரே அளவினவாகிய வாக்கியங்கள் வரிசையாக வரும்போது கமாக்களே போதும் என்று ஆங்கிலேயர் ஒப்புக்கொள்கின்றனர். ஃபௌலர் சகோதரர்கள் 1906இல் வெளியிட்ட 'தி கிங்ஸ் இங்கிலிஷ்' என்னும் நூலில், தனித்து நிற்கும் வாக்கியங்களுக்கு நடுவே குறைந்தது செமிகோலனாவது வேண்டும் என்னும் பொதுவிதியைக் கூறி, அதற்கு விலக்குகள் நிரம்ப உள்ளன என்றும் ஒத்துக்கொள்கின்றனர். கதாசிரியர்கள் ஓட்டத்தின் பொருட்டுக் கமாவால் வாக்கியங்களைக் கோத்துச் செல்வதும் உண்டு. அவர்கள் தெரிந்து செய்கிறார்கள். தேர்வுத்தாளைத் திருத்துபவருக்கு நீங்கள் தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா என்று கண்டறிய வழியில்லை. ஆகையால் சீசரின் சலுகையை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

தாளும் எழுதுகோலும் இன்னும் கையில் இருந்தால், பயிற்சிக்காக ஒரு வாக்கியம் சொல்லுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். "தி லேம்ப் வென்ட் அவுட், நோபடி மூவ்டு, தென் எ டாக் பார்க்டு." விளக்கு அணைந்தது, எவரும் அசையவில்லை, பிறகு ஒரு நாய் குரைத்தது. இதில் முற்றுகள் மூன்று. இரண்டு கமாக்களுள் எதை மாற்ற வேண்டும், எதனால் மாற்றலாம் என்று பாருங்கள். முதல் இரு வாக்கியங்களையும் 'வென்' சேர்த்து ஒன்றாக்கலாமா என்றும் எண்ணிப் பாருங்கள். ஆக்கினால் முதற்கமா அப்படியே இருக்கலாம். இரண்டாவது கமாவின் பின்னே 'தென்' நிற்கிறது. அது இணைப்புச் சொல் அன்று.